சேலத்தில் பேஸ் காம்போ ஆம்ப் வாங்குவது எப்படி: வீட்டுக்கு, சர்ச்சுக்கு, ஆடி மேடைக்கு

பேஸ் கிட்டார் கைக்கு வந்து கொஞ்ச நாளில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கே வாசிக்கப் போகிறீர்கள், அங்கே மைக் செட் இருக்கிறதா, ஆம்ப்பை யார் தூக்கப் போகிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வாட்ஸ் தானாக முடிவாகிவிடும். தெரியாமல் போனால் கடைக்காரர் எதைத் தள்ளிவிடுகிறாரோ அதுதான் வீட்டுக்கு வரும்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ. தனித்தனியாக இருந்தால் ஹெட், கேபினெட் என்பார்கள். சேலம் மாதிரி ஊரில் வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காம்போ போதும்.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

நம்ம ஊர் மேடையிலிருந்தே தொடங்கலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை என்று எங்கே மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பெரிய பேஸ் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருப்பார்கள். உங்கள் பேஸ் சத்தம் ஜனங்களுக்குப் போவது அந்தப் பெட்டிகள் வழியாக. மேடையில் உங்கள் காலடியில் இருக்கும் காம்போ உங்கள் காதுக்கும் டிரம்ஸ்காரர் காதுக்கும் மட்டும்தான். காம்போவை ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? மிக்ஸர் பக்கத்திலிருந்து குரல் வரும்: "தம்பி, ஆம்ப்பைக் கம்மி பண்ணுங்க. லைன் மட்டும் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்." அவர் சொல்வது சரி. பாடகர் மைக்குக்குள் உங்கள் பேஸ் புகுந்தால் மொத்தக் கலவையும் சேறாகிவிடும்.

அதனால் கச்சேரிக்குப் போகிறவருக்கு 500 வாட்ஸைவிட முக்கியமானது, பின்பக்கத்தில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட், அதாவது பேஸ் சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சாக்கெட். அது இல்லாத காம்போவை மேடைக்கு என்று வாங்காதீர்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சர்ச் குயரில் வாசிப்பவர் நிலைமை கொஞ்சம் வேறு. பல சர்ச்களில் மைக் செட் இருக்கும். ஆனால் அது பிரசங்கத்துக்காகப் போட்டது, சுவரோரம் தூண் மாதிரி நெடுக நிற்கும் 'காலம்' (column) ஸ்பீக்கர்கள். அவற்றில் பேச்சு தெளிவாக வரும், பேஸ் வராது. பேஸ் லைனை அந்த சிஸ்டத்தில் கொடுத்தாலும் 'டிக் டிக்' என்று விரல் சத்தம்தான் கேட்கும். அங்கே காம்போதான் ஹாலையே நிரப்ப வேண்டும். காலேஜ் பேண்ட், ஏற்காட்டு ரிசார்ட்டில் சாயங்கால நிகழ்ச்சி, சின்ன மண்டபம் எல்லாம் இதே வகைதான்.

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு நல்ல ஹெட்போன் சாக்கெட்டும் போனிலிருந்து பாட்டுப் போட்டுக் கூட வாசிக்க 'ஆக்ஸ் இன்' சாக்கெட்டும் இருந்தால் போதும். மேடையில் லைன் மட்டும் கொடுப்பவர், வீட்டில் ஹெட்போனில் வாசிப்பவர் என்றால் காம்போவே வேண்டாம். ஒலியைத் திருத்தி நேராக மிக்ஸருக்கு லைன் கொடுக்கும் ஒரு நல்ல ப்ரீஆம்ப் டிஐ பெடல் (ஹெட்போன் சாக்கெட் உள்ளதாக) வாங்கிக்கொள்ளுங்கள், கிட்டார் பைக்குள் அடங்கிவிடும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வாட்ஸ் கணக்கு

வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். 'கொஞ்சம் கூடியிருக்கு போல' என்று தோன்றும் அளவு, அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே 100 வாட்ஸா 120 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 40-க்கும் 100-க்கும் வித்தியாசம் தெரியும், 100-க்கும் 300-க்கும் தெரியும், அதற்கு இடையில் இருப்பதெல்லாம் விளம்பரம்.

இதோடு ஸ்பீக்கரின் உணர்திறனையும் பார்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 94 டெசிபல் தரும், இன்னொன்று 97 தரும். 97 தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுப்பதும் 94 தருவதற்கு 200 வாட்ஸ் கொடுப்பதும் ஒரே சத்தம். சின்ன காம்போக்களின் அட்டையில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேஸ் ஏன் இவ்வளவு வாட்ஸ் கேட்கிறது? நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த ஈ 82 ஹெர்ட்ஸ். ஒலி கீழே இறங்க இறங்க அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் தள்ள வேண்டிய காற்றும் கூடிக்கொண்டே போகும், நம் காதும் அந்தப் பக்கம் மந்தம். 30 வாட்ஸ் கிட்டார் ஆம்ப் டிரம்ஸோடு ஈடுகொடுக்கும், 30 வாட்ஸ் பேஸ் ஆம்ப் மூச்சுத் திணறும்.

என் கணக்கு இது: படுக்கையறைக்கு 15 முதல் 40. டிரம்ஸ் இல்லாத ஜெபக் கூட்டம், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) வைத்து வாசிக்கும் சின்னக் குழு என்றால் 40 முதல் 100. நிஜ டிரம்ஸ் இருந்தால் 100-க்குக் கீழே இறங்காதீர்கள். மைக் செட் உதவி இல்லாமல் மண்டபத்தை நிரப்ப வேண்டுமென்றால் 200-க்கு மேல்.

அப்புறம் ஒரு விஷயம். பேஸ் குமிழைத் திருகி 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நான்கு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும். சத்தம் பத்தவில்லை என்று பேஸை முழுசாகத் திருப்புகிறவர்களின் ஆம்ப்தான் முதலில் கரகரக்கும். கூட்டத்தில் தனித்துக் கேட்க வேண்டுமென்றால் மிட் குமிழை (நடுத்தர ஒலிக்கானது) ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது அது கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பேண்டோடு சேரும்போது அதுதான் கேட்கும்.

ஸ்பீக்கர் அளவு

"10 இஞ்ச் வேகம், 15 இஞ்ச் ஆழம்" என்று ஒரு பேச்சு எல்லாக் கடையிலும் உண்டு. பாதி உண்மை. ஆழத்தைத் தீர்மானிப்பதில் பெட்டியின் கொள்ளளவுக்கும் அதில் இருக்கும் காற்றுத் துளைக்கும் ஸ்பீக்கர் அளவுக்கு இருக்கும் அதே பங்கு உண்டு. நல்ல பெட்டியில் இருக்கும் 12 இஞ்ச், மோசமான பெட்டியில் இருக்கும் 15 இஞ்சைவிட ஆழமாகப் போகும். சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, பெரிய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். எவ்வளவு காசு கொடுத்தாலும் இதை மாற்ற முடியாது, இயற்பியல் அப்படி.

8 இஞ்ச் பெட்டியில் 41 ஹெர்ட்ஸ் பெயருக்குத்தான் வரும். ஆனாலும் ஈ வாசித்தால் ஈ என்றே கேட்கிறது. காரணம், அதோடு சேர்ந்து வரும் 82, 124 ஹெர்ட்ஸ் மேல்சுரங்கள். அவற்றைக் கேட்டு மூளை அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. பயிற்சிக்கு இது போதும். ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும். பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அதை சின்னப் பெட்டியில் சத்தமாக அடித்தால் ஸ்பீக்கர் காகிதம் அளவுக்கு மீறி ஆடி 'பட்' என்று முட்டும். ஐந்து கம்பிக்கு 12 இஞ்சுக்குக் கீழே வேண்டாம்.

கிட்டார் ஆம்ப்பில் பேஸை மாட்டலாமா? ஹெட்போன் அளவு சத்தத்துக்குச் சரி. ஏற்றினால் ஸ்பீக்கர் போய்விடும். கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை, அது ஆழமான ஒலிக்கும் சேர்த்தே செய்யப்பட்டது.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கக் குமிழ்கள் எல்லா ஆம்ப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை வித்தியாசம் ஒளிந்திருப்பது பின்னால். எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருக்கும்போது வரும் 'ம்ம்ம்' இரைச்சலை அந்த சுவிட்ச் பெரும்பாலும் நிறுத்திவிடும். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது. செய்யவே செய்யாதீர்கள்.

சில ஆம்ப்பில் லைனை ஈக்யூவுக்கு (பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களுக்கு) முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா என்று தேர்வு செய்யலாம். முன்னால் எடுத்தால் மேடையில் நீங்கள் குமிழைத் திருகினாலும் மிக்ஸருக்குப் போவது மாறாது. சவுண்ட்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் சாக்கெட் பெரிய காம்போக்களில் இருக்கும். உள்ளே 8 ஓம் ஸ்பீக்கர், வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்தால் மொத்தம் 4 ஓம், ஆம்ப் முழு வாட்ஸைக் கொடுக்கும். விளம்பரத்தில் போடும் எண் பலசமயம் இந்த 4 ஓம் கணக்குதான். ஃபெண்டர் ரம்பிள் 500 அப்படித்தான்: வெளிப்பெட்டி சேர்த்தால் 500, தனியாக 350. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அட்டையைப் படிக்காவிட்டால் தெரியாது என்பேன். வெளிப்பெட்டிக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும், கிட்டார் கேபிள் சூடாகிவிடும்.

மாடல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வீட்டு வகையில் ஃபெண்டர் ரம்பிள் 25, ஆம்பெக் ஆர்பி-108, ஆரஞ்சு க்ரஷ் பேஸ் 25, ஹார்ட்கி எச்டி25 எல்லாமே 8 இஞ்ச், 25 முதல் 30 வாட்ஸ். இவற்றுக்குள் சண்டை போட ஒன்றும் இல்லை, எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். கொஞ்சம் காசு சேர்த்தால் ரம்பிள் 40 கிடைக்கும். 10 இஞ்ச் ஸ்பீக்கர், எட்டு கிலோ சொச்சம், எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டும் உண்டு. வீட்டுக்கு வாங்கியதே பிறகு மேடைக்கும் போகும். தொடங்குபவர் கேட்டால் நான் கை காட்டுவது இதைத்தான்.

நடு வகைதான் யோசித்து வாங்க வேண்டியது. ரம்பிள் 100, ஆம்பெக் ஆர்பி-112 இரண்டும் 100 வாட்ஸ், 12 இஞ்ச். ரம்பிள் சுமார் 10 கிலோ, ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஒலி திறந்த மாதிரி, சுத்தமாக இருக்கும். ஆம்பெக் கொஞ்சம் கனத்த, சொரசொரப்பான குரல், ராக் வாசிப்பவர்கள் விடமாட்டார்கள். சினிமாப் பாட்டும் கீர்த்தனையும் வாசிக்கும் கைக்கு ரம்பிள் சுலபம் என்பது என் கட்சி. மாற்றுக் கட்சியும் பெரியது. ஆரஞ்சு க்ரஷ் பேஸ் 50-யிலும் ஹார்ட்கி எச்டி75-இலும் 12 இஞ்ச்தான் இருக்கிறது, ஆனால் வாட்ஸ் குறைவு. டிரம்ஸோடு என்றால் அவை பத்தாது.

பெரிய வகையில் ரம்பிள் 500-ம் ஆம்பெக் ஆர்பி-210-ம் இரண்டு 10 இஞ்ச். ரம்பிள் 200, ஆர்பி-115, க்ரஷ் பேஸ் 100, எச்டி150 எல்லாம் 15 இஞ்ச். ரம்பிள் 500 பதினாறரை கிலோதான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 15 இஞ்ச் காம்போவை மாடிப்படியில் தூக்கியவர்களுக்கு இந்த எடையின் அருமை தெரியும். எடை குறைந்ததற்குக் காரணம் க்ளாஸ் டி என்ற ஆம்ப் வகையும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வந்த ஸ்விட்சிங் பவர் சப்ளையும். மார்க்பாஸ் மாதிரி கம்பெனிகள் ஸ்பீக்கர் காந்தத்தையும் நியோடிமியத்தில் போட்டு இன்னும் குறைத்துவிட்டார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும்.

கடையில் சோதிப்பது

பெரிய தேர்வு வேண்டுமென்றால் பெங்களூர், கோவை, சென்னை என்று கிளம்ப வேண்டியிருக்கும். போவதற்கு முன் போன் போட்டு, நீங்கள் ஒப்பிட நினைக்கும் இரண்டு மாடலும் அன்றைக்குக் கடையில் பிளக் போட்டு வாசிக்கிற நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வாங்க சார், எல்லாம் இருக்கு" என்பது பதில் இல்லை. எந்த மாடல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடையில் மாட்டியிருக்கும் விலை உயர்ந்த பேஸில் எந்த ஆம்ப்பும் இனிக்கும்.

முதலில் எல்லாக் குமிழையும் நடுவில், 12 மணி நிலையில் வையுங்கள். கான்டூர், ப்ரைட், ஓவர்டிரைவ் பட்டன்கள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கான்டூரை அழுத்தினால் மிட் குழிந்து, பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகி, தனியாக வாசிக்கும்போது தேன் மாதிரி இருக்கும். விற்பவர் அதை அழுத்தித்தான் காட்டுவார். பேண்டில் அந்த ஒலி காணாமல் போகும்.

இரண்டு ஆம்ப்பையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. இதுதான் ஒப்பீட்டில் உயிர்நாடி. ஒன்று இரண்டு டெசிபல் கூடியிருந்தாலே நம் காது அதைத்தான் 'நல்ல ஆம்ப்' என்று சொல்லும். போனில் ஒரு சத்தம் அளக்கும் ஆப் போட்டு, இரண்டுக்கும் ஒரே தூரத்தில் வைத்து, ஏ கம்பியில் ஒரே சுரத்தை ஒரே அழுத்தத்தில் அடித்துப் பாருங்கள். போன் மைக் ஆழமான ஒலியைச் சரியாக அளக்காது, ஒப்பிடுவதற்கு மட்டும் போதும்.

இப்போது ஈ கம்பியில் திறந்த சுரத்திலிருந்து தொடங்கி ஐந்தாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக, மெதுவாக, நீட்டி வாசியுங்கள். ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், ஏ. ஆறு சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வருகிறதா? சில காம்போக்களில் ஜி வந்ததும் பெட்டி 'பொம்ம்' என்று வீங்கி, அடுத்த சுரத்தில் சுருங்கிவிடும். அந்தப் பெட்டி அந்த இடத்தில் தானாகவே ஒலிக்கிறது என்று பொருள். குமிழ் திருகி அதைச் சரிசெய்வது கஷ்டம். ஆனால் உடனே ஆம்ப்பின் மேல் பழி போடாதீர்கள், அறையும் இதைச் செய்யும். 10 அடி நீள அறையில் ஏ-க்குப் பக்கத்தில், சுமார் 56 ஹெர்ட்ஸில் காற்றே ஊஞ்சலாடும். ஆம்ப்பைச் சுவர் மூலையிலிருந்து இழுத்து நடுவில் வைத்து மறுபடி வாசியுங்கள். வீக்கம் போனால் அறையின் வேலை, போகாவிட்டால் பெட்டியின் வேலை.

பிறகு கேபிள் விடும் தூரத்துக்குப் பின்னால் போய் நின்று வாசியுங்கள். காலடியில் கேட்பது வேறு, பன்னிரண்டு அடியில் கேட்பது வேறு. மாஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இடத்தில் சுரம் மங்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். முக்கால்வாசிக்கு முன்னாலேயே கரகரத்தால் அந்த ஆம்ப் உங்கள் இடத்துக்குச் சின்னது. கிர்ர் என்று ஏதாவது அதிர்கிறதா? கைப்பிடி, முன் வலை, ஸ்க்ரூ என்று கையை வைத்து அழுத்திக் கண்டுபிடிக்கலாம். கடைசியாக கம்பிகளில் கையை வைத்து அமைதியாக இருந்து, ட்வீட்டரின் (கீச்சொலிக்கான குட்டி ஸ்பீக்கர்) 'ஸ்ஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். லைன் அவுட்டையும் கடை மிக்ஸரில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாசிக்க என்ன பாட்டு? நீங்கள் தூக்கத்திலும் வாசிக்கும் ஒன்று. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் ஓடும் பேஸ் மாதிரி நல்ல சோதனை வேறு இல்லை. மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், ஒரு சுரம் விழுங்கப்பட்டாலும் உடனே தெரியும்.

பழையது வாங்கினால்

முன் வலையைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் காகிதத்தின் இரண்டு பக்கமும் விரல் நுனியை வைத்து, ஒரே சீராக, மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசல் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) கோணிப்போயிருக்கிறது, விலையைப் பேசவே வேண்டாம். விளிம்பு கிழிந்து ஒட்டியிருக்கிறதா, உள்ளே இருப்பது கம்பெனி ஸ்பீக்கரா, யாரோ மாற்றிய மைக் செட் ஸ்பீக்கரா என்றும் பாருங்கள். குமிழைத் திருகும்போது கரகரத்தால் பரவாயில்லை, கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் போய்விடும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தது என்றால் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் பிளக்கில் சொருகிய அடுத்த நொடி புகைதான்.

கரண்ட், மலை, ஈரம்

திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடினால், லைட்டெல்லாம் போட்டு முடித்த பிறகு வோல்டேஜ் பார்க்கச் சொல்லி அப்புறம் ஆம்ப்பை மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் ஆம்ப் இரையும். சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. கோடை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஈரம்தான் எதிரி. பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் மாதங்களில் பெட்டியின் மேல்தோலில் பூஞ்சை பிடிக்கும், ஜாக்குகள் கறுக்கும். கல் தரையில் வைக்காமல் ஸ்டூலில் வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணி போதும். வாரத்துக்கு இரண்டு முறை ஆம்ப்பைப் போட்டு வாசித்தாலே உள்ளே இருக்கும் சூடு பாதி ஈரத்தை விரட்டிவிடும்.

மலை ஏற்றும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி சீட்டிலிருந்து சறுக்கும். ஸ்பீக்கர் முகத்தை சீட் முதுகுப் பக்கம் திருப்பி, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். டிக்கியில் ஸ்டாண்டுகளோடு போட்டால் வலை குத்துப்படும். மலைக் குளிரிலிருந்து அடிவாரத்துச் சூட்டுக்கு இறங்கினால், உள்ளே நீர் கோத்திருக்கும். அரை மணி நேரம் சும்மா விட்டு அப்புறம் போடுங்கள்.

பில், சர்வீஸ்

இந்திய வாரண்டி உள்ள பில் வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கடையில் வைத்தே கேளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப்பை நம் ஊர் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடுவார். க்ளாஸ் டி போர்டில் பொடிப்பொடியான பாகங்கள் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் முழு போர்டையே மாற்ற வேண்டிவரும். எடை குறைந்ததற்குக் கொடுக்கும் விலை இது. வாரண்டி முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டு வையுங்கள். சர்வீசுக்குப் பார்சல் அனுப்பும்போது அது இல்லாவிட்டால் போகும் வழியிலேயே இன்னொரு ரிப்பேர் சேர்ந்துவிடும்.